குடா என்னும் சொல்: நீரின் பெயரா, நிலத்தின் பெயரா?

கரைமணல் எழுதியது:

பள்ளி மாணவர்களுக்கான புவியியல் கலைச்சொற்களைத் தொகுக்கும் பணியில் சில நண்பர்களுடன் ஈடுபட்டிருக்கிறேன். கடற்கரையின் உருவங்களைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லுக்கு முன்னால் வேலை நின்றுவிட்டது. கரை உள்வாங்கி, இருபுறமும் நிலம் அணைத்து நிற்க, காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிப் படகுகள் தங்கக்கூடிய சிறிய கடற்பகுதியை எந்தச் சொல்லால் குறிப்பது? விரிகுடா என்று எழுதினால் மாணவன் வங்காள விரிகுடாவை நினைப்பான். வளைகுடா என்று எழுதினால் பாரசீக வளைகுடாவையும், அங்கே வேலைக்குப் போன மாமாவையும் நினைப்பான். இரண்டும் இலட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புடைய கடல்கள்.

முன்னொட்டை நீக்கிவிட்டு வெறும் 'குடா' என்றே எழுதலாம் என்பது என் எண்ணம். குழுவில் ஒருவர் அதை மறுத்தார். இலங்கைப் பாடநூல்களில் 'அரேபியக் குடாநாடு', 'யாழ்ப்பாணக் குடாநாடு' என்று வருவதை அவர் எடுத்துக்காட்டினார். தமிழகத்தில் நாம் தீபகற்பம் என்று சொல்வதை அங்கே குடாநாடு என்கிறார்கள். மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலத்தின் பெயருக்குள் இருக்கும் சொல்லை, மூன்று புறமும் நிலம் சூழ்ந்த நீருக்கு எப்படிப் பெயராகத் தருவது என்பது அவர் கேள்வி. நேர் எதிரான இரண்டு உருவங்களுக்கு ஒரே சொல் எப்படி வந்தது? 'குடா' என்பதன் வேர் எது? தெரிந்தவர்கள் விளக்கினால் தொகுப்புக்கு உதவும்.

வடமராட்சியான் எழுதியது:

குடாநாடு என்ற சொல்லோடு வளர்ந்தவன் என்ற முறையில் முதலில் சொல்லிவிடுகிறேன்: எங்களுக்கு இதில் முரண்பாடு தோன்றியதே இல்லை. வன்னியிலிருந்து ஆனையிறவைக் கடந்தால் குடாநாட்டுக்குள் வந்துவிட்டோம் என்போம். யாரும் அதைக் கடல் என்று கருதியதில்லை.

உங்கள் நண்பர் 'குடா' என்பதையே நிலமாக எடுத்துக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது. மலைநாடு என்றால் மலையே நாடு என்று பொருளில்லை. மலைகளை உடைய நாடு என்று பொருள். அதுபோலக் குடாக்களை உடைய நாடு குடாநாடு. யாழ்ப்பாணத்தின் வரைபடத்தைப் பார்த்தால் இது விளங்கும். தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரி கிடக்கிறது. நடுவே தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து வடமராட்சியைத் தனியே பிரிக்கிறது. உப்பாறு இன்னொரு பக்கம் வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையில் நுழைகிறது. நிலம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பது மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் கோடையில் வேறு விதமாகவும் இருக்கும். இப்படி உள்ளே உள்ளே நீர் புகுந்த நாட்டுக்குக் குடாநாடு என்று பெயரிட்டவர்கள் கண்ணால் பார்த்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

அரேபியாவுக்கும் பால்கனுக்கும் அதே பெயரை நீட்டியது பாடநூல் எழுதியவர்களின் வேலை. யாழ்ப்பாணத்துக்குப் பொருந்திய ஒரு விவரிப்பு பின்னர் பொதுச்சொல் ஆகிவிட்டது என்பது என் கருத்து. அரேபியாவின் கரையில் யாழ்ப்பாணத்தைப் போல நீர் புகுந்து கிடக்கவில்லை. இருந்தாலும் சொல் ஒட்டிக்கொண்டது.

ஏடெடுத்தோன் எழுதியது:

வேரைப் பற்றிக் கேட்டதால் பழைய இலக்கியத்திலிருந்து தொடங்குவது நல்லது. திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியில் அருவி இறங்கி வரும் காட்சியில் ஒரு கரடி வருகிறது. 'குரூஉமயிர் யாக்கைக் குடா அடி உளியம்' என்பது தொடர். உளியம் என்றால் கரடி. குடா அடி என்றால் வளைந்த அடி. கரடி நடக்கும்போது பாதம் உட்புறம் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அடைமொழியின் பொருத்தம் தெரியும். ஆக, 'குடா' என்பது இங்கே கடலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வளைவு என்ற பொருளில் மட்டும் நிற்கிறது.

இன்னொரு 'குடா'வும் உண்டு. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. புறநானூற்றின் ஆறாம் பாட்டில் 'குணாஅது கரைபொரு தொடுகடற் குணக்கும், குடாஅது தொன்றுமுதிர் பௌவத்தின் குடக்கும்' என்று வருகிறது. பக்கத்திலேயே கடலும் பௌவமும் இருப்பதால் 'குடாஅது' என்பதைக் கடற்குடா என்று எண்ணத் தோன்றும். அங்கே அது திசைச்சொல். வடாஅது, தெனாஅது, குணாஅது, குடாஅது என்று நான்கு திசையையும் அடுக்கிச் சொல்லும் இடம் அது. குடக்கு என்றால் மேற்கு. குடகடல் என்றால் மேற்குக் கடல், அதாவது இன்றைய அரபிக்கடல். குடநாடு என்பதும் அப்படியே சேர நாட்டுப் பகுதியின் பெயர். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் சேரரின் குடநாட்டையும் நெடில் குறில் வேறுபாடு பாராமல் இணைத்துக் கட்டுரை எழுதியவர்களை இணையத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வழியில் போக வேண்டாம்.

கடற்கரையைப் பாடும் நெய்தல் பாட்டுகளில் உள்வாங்கிய நீருக்குப் பெரும்பாலும் வருகிற சொல் கழி. இருங்கழி, கழிக்கானல், கழிப்பூ என்று அது பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். படகு சேரும் இடம் துறை. ஆறு கடலில் புகும் இடம் புகார். அதுவே சோழர் பட்டினத்துக்கும் பெயரானது. வளைவைக் குறித்த 'குடா' கடற்கூறுக்குப் பெயரானது இவற்றுக்குப் பிற்பட்ட வளர்ச்சி என்றே நினைக்கிறேன்.

மொழிமுடிச்சு எழுதியது:

ஏடெடுத்தோன் ஐயா காட்டிய கரடியே போதுமான சான்று. அதற்கு இலக்கண வழியில் ஒரு துணையைச் சேர்க்கிறேன்.

தமிழில் குறிலை அடுத்து ஆகாரத்தில் முடியும் பெயர்கள் சில, ஆகாரம் குறுகி உகரம் ஏற்று 'அவு' என்றும் முடியும். நிலா, நிலவு, கனா, கனவு, சுறா, சுறவு, இரா, இரவு, புறா, புறவு. 'குறியதன் கீழ் ஆ' என்று தொடங்கும் நன்னூல் நூற்பா இதைத்தான் சொல்கிறது. இந்த வரிசையில் குடா, குடவு என்ற இணையை வைத்துப் பாருங்கள்; அச்சில் வார்த்ததைப் போல உட்காரும். குடவுதல் என்றால் வளைதல். குடந்தம் என்றால் வளைவு. உடல் வளைத்து வணங்குவதும் குடந்தம்தான். எனவே குடா என்பது குடவு என்பதன் மறுவடிவம், அதன் அடிப்பொருள் வளைவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. குடா என்றாலே வளைவு என்றால், வளைகுடா என்பது கூறியது கூறல். 'நடுமத்தி' என்று சொல்கிறோமே, அந்த வகை. குடாவின் பழம்பொருள் மங்கிய பிறகுதான் ஒருவர் அதன் முன்னால் 'வளை'யைச் சேர்த்திருக்க முடியும்.

குடாநாட்டைப் பற்றி ஒரு சொல். வடமராட்சியான் கூறும் 'குடாக்களை உடைய நாடு' என்ற விரிவு இலக்கணத்துக்கு ஒத்ததே. ஆனால் 'குடா அடி' இருக்கும்போது 'குடா நாடு' என்பதை வளைந்து நீண்ட நாடு என்றும் விரிக்கலாம். அப்படி விரித்தால் அரேபியாவுக்கும் பால்கனுக்கும் சொல்லை நீட்ட வேண்டிய தேவையே எழாது. முதலிலிருந்தே அது நிலத்தின் வடிவத்தைச் சொன்ன சொல்லாகிவிடும்.

நிலவரையன் எழுதியது:

நான் புவியியல் கற்பிப்பவன். இலக்கணச் சான்றை மதிக்கிறேன். ஆனால் வளைவு என்ற ஒரே பொருளில் நின்றுவிட்டால் கடற்கரையைப் பார்க்கும் கண் போய்விடும்.

கரை வளைவதும் கரை குடையப்படுவதும் வேறு வேறு. சென்னையிலிருந்து தெற்கே வரும் கரையில் எத்தனையோ இடங்களில் மெல்லிய வளைவு இருக்கிறது. அங்கே படகை நிறுத்திப் பாருங்கள், ஒதுக்கம் கிடைக்காது. ஒதுக்கம் வேண்டுமென்றால் நிலம் குழிந்து உள்ளே போயிருக்க வேண்டும். வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவு, கரையின் வெறும் வளைவு குடா ஆகாது என்கிறது. அதற்கு ஓர் அளவுகோலும் தருகிறது. குடாவின் வாயின் இருமுனைகளையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டை விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரைய வேண்டும். உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்தின் பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் மட்டுமே அது குடா. வாயின் அகலம் 24 கடல்மைலுக்கு மேற்படாவிட்டால் குறுக்கே கோடு போட்டு உள்ளே இருப்பதைத் தன் உள்நீராக ஒரு நாடு உரிமை கொள்ளலாம்.

எனவே, குடாவைக் குடவு என்பதோடு இணைப்பதைவிடக் குடைவு என்பதோடு இணைப்பதே பொருளுக்குப் பொருத்தம். குடைவரைக் கோயில் என்கிறோம். மரத்தைக் குடைந்து தோணி செய்தார்கள். ஆண்டாள் 'குடைந்து நீராடாதே' என்று தோழியைக் கேட்கிறாள். அகராதிகளும் குடாவுக்கு வளைவு, கடற்கூறு என்ற பொருள்களோடு குடைவு என்ற பொருளையும் தருகின்றன.

மொழிமுடிச்சு எழுதியது:

1982இல் சட்ட வல்லுநர்கள் வகுத்த அரைவட்டத்தை வைத்து, பல நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த சொல்லின் வேரைத் தீர்மானிக்க முடியாது, நிலவரையன். குடைதலிலிருந்து பெயர் வந்தால் அது குடைவு என்றே வரும். 'ஐ' ஈற்று வினை 'ஆ' ஈற்றுப் பெயராக மாறும் வழியைக் காட்டினால் ஏற்கிறேன்.

பொருள் விரிவு வேறு, பிறப்பு வேறு. குடம், குடுவை, குடில், குடவு, குடை என்று வளைவும் உட்குழிவும் சேர்ந்தே வாழும் சொற்குடும்பம் இது. வளைந்த பொருளுக்கு உட்புறம் என்று ஒன்று தானே அமைந்துவிடுகிறது. எனவே வளைவாகப் பிறந்த சொல்லில் குடைவின் பொருளும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அகராதி பொருள்களை அடுக்கித் தருவது அந்தச் சேர்க்கையைக் காட்டத்தான்.

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் ஏட்டிலும் வரைபடத்திலும் குடாவைத் தேடுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் அது ஊர்ப் பெயர்களில் உயிரோடு இருக்கிறது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே பாசிக்குடாவும் கல்குடாவும் அடுத்தடுத்து இருக்கின்றன. பாசிக்குடாவைச் சுற்றுலாப் பயணிகள் பலரும் அறிவார்கள். பவளப்பாறை முன்னால் நின்று அலையை உடைத்துவிடுவதால் உள்ளே நீர் ஏரியைப் போலக் கிடக்கும். இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து போகலாம். பாசி படிந்த குடா அது. கல் நிறைந்த குடா அடுத்தது. ஏறாவூர்ப் பக்கம் புன்னைக்குடா இருக்கிறது. இந்தப் பெயர்களில் எதற்கும் 'விரி' என்றோ 'வளை' என்றோ முன்னொட்டு இல்லை. பாசி, கல், புன்னை என்று அந்தந்த இடத்தில் கண்ணில் பட்டதையே முன்னால் வைத்திருக்கிறார்கள். கரைமணல் தேடும் சிறிய, ஒதுக்கமான கடற்பகுதி என்ற பொருள் இந்தப் பெயர்களில் முழுமையாக இருக்கிறது.

இன்னும் ஒரு பெயர் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நாவற்குடா. கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே கடற்கரை ஏறக்குறைய நேர்கோடு. நாவல் மரத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அந்தக் குடா வாவிப் பக்கத்து வளைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் குடா என்பது கடலுக்கே உரிய சொல்லும் அல்ல. எந்த நீரின் கரையும் உள்வாங்கிய இடத்தைக் குறித்த சொல் அது.

பக்கத்திலேயே மஞ்சந்தொடுவாய் என்ற ஊரும் இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் கொக்குத்தொடுவாய் இருக்கிறது. தொடுவாய் என்பது குடாவிலிருந்து வேறுபட்டது. களப்பு, அதாவது கரையோர உப்புநீர் ஏரி, கடலைத் தொடும் வாய், அல்லது வெட்டித் திறந்த வாய். குடா ஒதுங்கி நிற்கும் இடம். தொடுவாய் கடந்து போகும் இடம். எங்கள் மீனவர்கள் இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஒதுக்கம் என்பதற்கு வரலாற்றுச் சான்று கேட்டால் திருகோணமலைக்குப் போக வேண்டும். மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடா அங்கே இருக்கிறது. 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினக் கரையில் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கியது அந்தக் குடாவில்தான். அதில் வந்த றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தை விட்டு வெளியேற முடியாமல் கிடந்தார். கடலிலிருந்து ஒதுக்கம் கிடைத்தது. மற்றதெல்லாம் அவருக்குக் கிடைக்கவில்லை.

பாம்பன் காற்று எழுதியது:

வாவிக்கரை காட்டிய பெயர்களைப் படித்தபின் ஒரு கேள்வி எழுகிறது. தமிழகக் கரையில் ஏன் குடா என்று முடியும் ஊர்கள் கண்ணில் படுவதில்லை? எனக்குத் தோன்றும் விடை எளியது: எங்கள் கரையில் குடாக்கள் அரிது. சோழமண்டலக் கரை மணலால் ஆன நேரான கரை. அங்கே ஒதுக்கம் தருவது கடற்கரையின் வளைவன்று. ஆறுகள் கடலில் சேரும் முகங்களும் அவற்றின் பின்னால் தேங்கும் உப்புநீரும்தான். ஆகையால் ஊர்ப் பெயர்களும் அவற்றைத்தான் பிடித்துக்கொண்டன. சீர்காழிக்குக் கிழக்கே தொடுவாய் என்றே ஒரு மீனவர் ஊர் உண்டு. அதன் பக்கத்தில் திருமுல்லைவாசல். தாமிரபரணி கடலில் சேரும் பகுதியில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். குமரி மாவட்டத்தில் பழையாறு சேரும் மணக்குடியில் அதையே பொழிமுகம் என்பார்கள். மணல் அடைத்து, மழைக்கு உடைத்துக்கொண்டு ஓடும் முகம் அது. புன்னைக்காயலும் புன்னைக்குடாவும் ஒரே மரத்தின் பெயரை வைத்துக்கொண்டு, அக்கரையில் குடாவாகவும் இக்கரையில் காயலாகவும் நிற்பதைக் கவனியுங்கள்.

எங்கள் இராமேசுவரம் தீவில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று பள்ளியில் படித்தோம். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வடகடல், தென்கடல் என்பார்கள். வடகடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவும் சேதுவின் மணல்திட்டுகளும் மறைப்பதால் வடகடல் அடங்கியிருக்கும், தென்கடல் ஆர்ப்பரிக்கும். அதனால் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றொன்றை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். படகுகள் இடம் மாறும். பாக் என்பவர் 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக். அவர் பெயரில் ஒரு விரிகுடா இருப்பது கரையில் வலை பழுதுபார்க்கும் பெரியவருக்கு இன்றும் செய்தியாகத்தான் இருக்கும்.

கரைமணல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாவற்குடா பற்றிய குறிப்பு எனக்குப் பெரிதும் உதவுகிறது. மொழிமுடிச்சு அவர்கள் வளைகுடாவைக் கூறியது கூறல் என்றார்கள். அப்படியானால் விரிகுடா, வளைகுடா என்ற பிரிவுக்கு ஏதாவது அடிப்படை உண்டா? வாய் விரிந்தது விரிகுடா, நிலத்தால் வளைக்கப்பட்டது வளைகுடா என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன்.

நிலவரையன் எழுதியது:

சொல் அளவில் அந்த விளக்கம் அழகானது. வரைபடத்தை எடுத்தால் நிலைக்காது. வங்காள விரிகுடா தெற்கே முழுவதும் திறந்து கிடக்கிறது, சரி. பாரசீக வளைகுடா ஓர்முசு நீரிணை என்ற ஒடுங்கிய வாய் தவிர எல்லாப் பக்கமும் அடைபட்டது, சரி. அடுத்து மன்னாரைப் பாருங்கள். தெற்கே அகலமாகத் திறந்த அது வளைகுடா. கனடாவின் ஹட்சனைப் பாருங்கள். ஏறக்குறைய உள்நாட்டுக் கடலைப் போல நிலத்தால் சூழப்பட்ட அது விரிகுடா. ஏடன் வளைகுடாவோ கிழக்கே அரபிக்கடலுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் பே (bay), கல்ஃப் (gulf) என்று இரண்டு சொற்கள் இருந்தன. தமிழுக்கும் இரண்டு வேண்டும் என்று பாடநூல்கள் ஒன்றுக்கு விரியையும் மற்றதற்கு வளையையும் ஒதுக்கின. ஆங்கிலத்தில் அந்தப் பெயர்கள் மாலுமிகள் அவ்வப்போது சூட்டியவை. ஒழுங்கான இலக்கணம் எதுவும் அவற்றில் இல்லை. அந்த ஒழுங்கின்மையைத் தமிழ் அப்படியே வாங்கிக்கொண்டது. ஆகவே இந்த இரண்டையும் தனித்தனி நிலவுருவங்களாக மாணவர்களுக்கு வரையறுத்துக் கற்பிப்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகளாகிறது. பெயரின் பகுதியாக மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய ஈழத்து வழக்கில் பாரசீகக் குடா, மன்னார்க் குடா என்று முன்னொட்டில்லாமல் எழுதுவதைக் காணலாம். அதுவே மேல்.

வடமராட்சியான் எழுதியது:

அந்த வழக்கு இன்னும் முற்றாக மறையவில்லை. ஆனால் தமிழகத்துத் தொலைக்காட்சிகள் வந்தபின் எங்கள் பிள்ளைகளும் வளைகுடா என்கிறார்கள்.

மொழிமுடிச்சு சொன்ன 'வளைந்த நாடு' என்ற விரிவில் எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாண நிலம் வளைந்திருப்பதை வானத்திலிருந்துதான் பார்க்க முடியும். தரையில் நடந்தவனுக்குத் தெரிவது, எந்தத் திசையில் போனாலும் சிறிது தூரத்தில் உப்புநீர் குறுக்கிடுகிறது என்பதுதான். குடாவை உடைய நாடு என்பதே நடந்தவன் வைத்த பெயர்.

தீபகற்பம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலின் கருப்பையில் இருக்கும் தீவு என்று சிலர் அதற்குப் பொருள் கூறுகிறார்கள். அது கர்ப்பம் அன்று, கல்பம். வடமொழியில் ஒரு பெயருக்குப் பின்னால் 'கல்ப' என்று வந்தால் ஏறக்குறைய அதைப் போன்றது என்று பொருள். தீவைப் போன்றது, முழுத் தீவு ஆகாதது தீபகற்பம். தெலுங்கிலும் மராத்தியிலும் இன்றும் 'த்வீபகல்ப' என்ற வடிவமே வழங்குவதால் இதில் குழப்பமில்லை. தமிழில் தீவக்குறை என்று ஆக்கியவர்கள் இந்தக் கருத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். தீவாவதற்குக் கொஞ்சம் குறை.

ஏடெடுத்தோன் எழுதியது:

அயல்மொழிகளையும் ஒரு முறை பார்த்துவிடலாம். நமக்கு விரிகுடாவாக இருக்கும் அதே கடல் மலையாளத்தில் 'பங்காள் உள்க்கடல்'. நிலத்துக்கு உள்ளே வந்த கடல் என்ற கருத்து. தெலுங்கில் 'பங்காளாகாதம்'. அதில் உள்ள அகாதம் என்ற வடசொல்லுக்குத் தோண்டப்படாதது, அதாவது இயற்கையாக அமைந்த நீர்நிலை என்று பொருள். நாம் மேலே பார்த்த புறநானூற்றில் கடலுக்குத் 'தொடுகடல்' என்று அடை கொடுத்திருப்பது தோண்டப்பட்ட கடல் என்ற பொருளில். ஒரே கடலை ஒருவர் தோண்டியது என்கிறார், ஒருவர் தோண்டாதது என்கிறார்! கன்னடத்தில் கொல்லி. சிங்களத்தில் பொக்க, வயிற்றுக்கும் அதுதான் சொல்.

வாவிக்கரை எழுதியது:

சிங்களப் பொக்கவைக் கண்டதும் சிலர் தமிழில் குடாவையும் குடலையும் இணைக்கப் புறப்படுவார்கள். மொழிமுடிச்சு முன்கூட்டியே தடுத்துவிட்டால் நல்லது.

மொழிமுடிச்சு எழுதியது:

தடுப்பதற்கு அதிகம் தேவையில்லை. குடலும் வளைந்து சுருண்டதே. தொலைவான உறவாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் குடலிலிருந்து குடா வரவில்லை. குடவு என்ற நேரடித் தாய் வீட்டிலேயே இருக்கும்போது அடுத்த தெருவில் தேட வேண்டியதில்லை.

வடமராட்சியானின் மறுப்புக்கு ஒரு பதில். நிலத்தின் வடிவத்தைத் தரையில் நடந்தவன் அறியமாட்டான் என்பது சரி. ஆனால் கரையோரமாகத் தோணி ஓட்டியவன் அறிவான். முனையைச் சுற்றித் திரும்பித் திரும்பிப் போகிறவனுக்கு நிலம் வளைவதும் நீர் வளைவதும் ஒரே வளைவின் இரண்டு பக்கங்கள். உள்வாங்கிய பக்கத்தைக் குடா என்றால், புறம் தள்ளிய பக்கத்தைக் குடாநாடு என்று அவன் சொல்லியிருக்கலாம். கரைமணலின் நண்பர் எழுப்பிய முரண்பாடு அந்த இடத்தில் கரைந்துவிடுகிறது. சொல் நீருக்கும் உரியதன்று, நிலத்துக்கும் உரியதன்று. இரண்டும் சந்திக்கும் கோடு எப்படித் திரும்புகிறது என்பதையே அது சொல்கிறது.

வடமராட்சியான் எழுதியது:

தோணிக்காரனைக் கொண்டுவந்துவிட்டீர்கள், வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவனை மறுக்க முடியாது. ஆனாலும் மலைநாடு போன்றதே குடாநாடு என்ற என் விரிவை நான் விடுவதாக இல்லை.

கரைமணல் எழுதியது:

தொகுப்பில் இப்படி எழுத எண்ணியிருக்கிறேன்: 'குடா: கடலின் அல்லது வாவியின் கரை உள்வாங்கிய இடத்தில், நிலத்தால் மூன்று புறமும் சூழப்பட்டு, காற்றுக்கும் அலைக்கும் மறைவாக உள்ள நீர்ப்பகுதி. எடுத்துக்காட்டு: பாசிக்குடா.' அளவைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிறுகுடா, பெருங்குடா. விரிகுடா, வளைகுடா இரண்டும் பெயர்களின் பட்டியலில் மட்டும் வரும். குடாநாட்டைத் தீபகற்பத்துக்கு இணையாகத் தனிப் பதிவாகத் தருவோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பாம்பன் காற்று எழுதியது:

'மறைவாக உள்ள' என்ற இடத்தில் எந்தக் காற்றுக்கு மறைவு என்று கேட்கத் தோன்றுகிறது. கிழக்கு நோக்கிய குடா தென்மேற்குக் காற்றுக்கு ஒதுக்கம் தரும். வாடைக்காற்றில் அதுவே படகை உடைக்கும். 'ஒரு பருவத்திலேனும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலவரையன் எழுதியது:

பாம்பன் காற்று சொன்னதைச் சேர்க்க வேண்டும். தொடுவாய், காயல், களப்பு, பொழிமுகம் நான்கையும் குடாவின் கிளைச்சொற்களாக ஒரே பதிவில் அடைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் வேண்டும். முதலில் மணக்குடியையே வரையலாம். ஒரே இடத்தை மணல் அடைத்த மாதத்திலும் உடைத்துக்கொண்ட மாதத்திலும் இரண்டு படமாகப் போட்டால் பொழிமுகம் என்றால் என்ன என்று மாணவனுக்கு விளக்கம் தேவைப்படாது.